முதுகுத் தண்ணியில் வெள்ளை

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சில பேச்சு ஆகாது. கொட்டகைக்குள் நின்றுகொண்டு அந்தச் சீக்கின் பெயரை முழுசாகச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லிவிட்டால் கோழிகளின் காதில் விழுந்து அன்றைக்கே படுத்துவிடும் என்பதுபோல் ஒரு பயம். "அந்தப் பண்ணையில வெள்ளையாமா" என்று அரைவாயாகச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். கேட்பவருக்கு அதுவே போதும். முதலில் வெள்ளையாகக் கழியும். பிறகு கழுத்து முறுக்கிக்கொள்ளும். கோழி வானத்தைப் பார்த்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி விழும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பயப்படாத பண்ணைக்காரர் ஒருத்தர்கூட இல்லை.

எண்பத்து மூன்றாம் வருசம் மழை ஏமாற்றிய வருசம். மஞ்சள் போட்டுப் பழகிய காட்டில் கிணறு வற்றிப் பாறை தெரிந்ததும் ராசப்பனும் ஆராயியும் கோழிக்கு மாறினார்கள். மஞ்சளுக்கு வேண்டிய தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு போதும் கோழிக்கு. ஆனால் வேலை அப்படியில்லை. விடிந்ததும் தரையில் பரப்பிய உமியைக் கிளறிவிட வேண்டும். வெயில் ஏற ஏற, கொட்டகையைச் சுற்றித் தொங்கும் சாக்குகளை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்று அசந்தால் கோழி வாயைப் பிளந்துவிடும். கம்பும் மக்காச்சோளமும் கருவாட்டுத்தூளும் கலந்து கலந்து ராசப்பனின் உடம்பே கருவாட்டு மணம் அடிக்கும். ஒரே மகள் பூங்கொடி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கொட்டகைதான் கதி. கோழிகள் அப்போதுதான் முட்டைக்கு வந்திருந்தன. சின்னச் சின்ன முட்டை, சிலதில் ரத்தக்கீற்றுகூட இருக்கும். அதைப் பார்ப்பதில் ராசப்பனுக்கு இருந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

அவன் ஒரு காலையில் தீவனம் கலந்துகொண்டிருந்தபோதே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"வெயிலுங்க மாமா. அக்கட்டால நெழல்ல படுங்க. மீதிய நான் கலக்கறேன்," என்றாள் ஆராயி.

"வெயிலில்ல புள்ளை. மண்டைக்குள்ள எவனோ கடப்பாறை போடறான்."

மோர் கொடுத்தாள், வாந்தியெடுத்தான். கஞ்சி கொடுத்தாள், அதுவும் நிற்கவில்லை. காய்ச்சல் அனலாய் அடித்தது. கதவைத் திறந்தால் கண் கூசுகிறதென்று கத்தினான். மறுநாள் காலையில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வைக்கலாமென்று தலைக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். தலை மட்டும் எழவில்லை. தோளும் முதுகும் சேர்ந்து ஒரே பலகையாக எழுந்தன. பின்கழுத்தில் பொடனியைத் தொட்டுப் பார்த்தாள். கட்டையாக இருந்தது. போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் பண்ணையில் வெள்ளை வந்து செத்த கோழிகளைக் குழி வெட்டிப் புதைக்க ராசப்பனும் போயிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. சீ, மனுசனுக்கு எங்காவது கோழிச் சீக்கு வருமா என்று தன்னையே திட்டிக்கொண்டு, அண்ணன் சென்னியப்பனுக்கு ஆள் அனுப்பினாள்.

சென்னியப்பன் முட்டை வண்டியை மறித்து நிறுத்தி, காலி அட்டைகளை ஒதுக்கி, மாப்பிள்ளையை அதற்குள்ளேயே படுக்கவைத்துச் சேலம் கொண்டுவந்து சேர்த்தான். வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் ராசப்பன் அலறினான். ஆராயி அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சேர்த்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அருணகிரி என்ற டாக்டர் இருந்தார். ஆத்தூர்க்காரர், அதிகம் சிரிக்காத ஆள். கழுத்தை வளைத்துப் பார்த்தார், வளையவில்லை. முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், ராசப்பன் வலியில் பல்லைக் கடித்தான்.

"மூளையைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும்மா. அது அழன்று வீங்கியிருக்கு. எதனாலன்னு தெரியணும். முதுகுத்தண்டுல ஊசி விட்டுக் கொஞ்சம் தண்ணி எடுத்துப் பார்க்கணும்," என்றார்.

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "முதுகுத் தண்ணியா? ஏனுங்க, அதை எடுத்தா காலு ரண்டும் இழுத்துக்கும்னு சொல்லுவாங்களே. நின்னு பாடுபடற மனுசனுங்க."

"இழுக்காது. எடுக்காம விட்டாத்தான் பயம்."

"எடுங்க சாமி," என்றாள் ஆராயி. உள்ளே ராசப்பன் முனகிக்கொண்டிருந்ததை அவளால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

எடுத்தார்கள். டாக்டர் அந்தத் தண்ணீரைத் தானே எடுத்துக்கொண்டு பரிசோதனை அறைக்குப் போனார். அங்கிருந்து வெளியே வந்ததும் அவரை ஒரு பிரசவக் கேஸுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். ஆராயி நடையில் காத்துக்கொண்டு நின்றாள். கூட்டிப்பெருக்கும் ஆயா காளியாத்தாள் வாளியோடு வந்தாள். டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவள், முட்டையைக் கடையில் மட்டும் பார்த்தவள். நல்ல மனசுக்காரி. இந்தப் பெண் இப்படித் தவிக்கிறதே என்று, காதில் விழுந்ததை அப்படியே வந்து சொன்னாள்.

"தண்ணியில வெள்ளை ஏறியிருக்குதாம் கண்ணு. டாக்டரு நர்சம்மாகிட்டச் சொல்லிட்டிருந்தாரு."

"என்னதுங்க?"

"வெள்ளை. ஏகத்துக்கும் இருக்குதாம். கவலைப்படாத, மருந்து எழுதியிருக்காரு."

ஆராயிக்குக் காளியாத்தாள் அதற்குமேல் சொன்ன எதுவும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கழுத்து கட்டையானது, கண் கூசியது, கருப்பண்ணன் தோட்டத்துக் குழி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. யாரும் இதற்குமேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சென்னியப்பன் வாசலில் புங்கமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். தங்கை வருவதைப் பார்த்து எழுந்தான்.

"அங்கயே நில்லுங்ண்ணா. கிட்ட வராதீங்க."

"ஏன் அம்மணி? என்னாச்சு?"

"வெள்ளைங்ண்ணா."

சென்னியப்பன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆரு சொன்னாங்க? டாக்டரா?"

"டாக்டரு சொன்னதை ஆயா கேட்டிருக்கறாங்க. முதுகுத் தண்ணியில ஏறிக் கெடக்குதாமா."

"மனுசனுக்கு வருமா அது?"

"பொடனியத் தொட்டுப் பாத்தீங்கல்ல? நாம பாக்காத சீக்காண்ணா? அன்னைக்குக் கருப்பண்ணன் கோழிய வெறுங்கையில அள்ளிப் போட்டுட்டு வந்தாங்க. கையக் கழுவுங்கன்னு சொன்னேன். கழுவுனாங்களோ இல்லையோ."

சென்னியப்பன் பீடியைத் தரையில் போட்டு மிதித்தான். "அப்படின்னா இங்க வெச்சிருந்து என்ன பண்றது? தூக்கிட்டுப் போயிரலாம். என்ன நடந்தாலும் நம்ம ஊட்டுல, நம்ம மண்ணுல நடக்கட்டும்."

"ஊட்டுல பூங்கொடி இருக்கறா."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இவீங்களுக்கே வந்துருச்சுன்னா நம்ம கொட்டாயிலயும் இருக்குமுங்ண்ணா," என்றாள் ஆராயி. "வெளிய தெரிய ரண்டு நாள் ஆவும், அவ்வளவுதான். இவ பொழுதன்னிக்கும் அதுக்குள்ளதான் கெடக்கறா. கோழியத் தூக்கி மடியில வெச்சுக்கறா. நீங்க இப்பவே போங்க. போயி முடிச்சுருங்க."

"எல்லாத்தையுமா? முட்டைக்கு வந்த கோழி அம்மணி. நல்லா மேயற கோழிய எப்படி..."

"எல்லாத்தையும். குழி ஆழமா எடுங்க. சுண்ணாம்பு போடுங்க. பூங்கொடிய உங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"நீ?"

"நான் இவீங்க வாந்தியத் தொட்டாச்சு. நான் இனி ஊட்டுக்கு வரக்கூடாதுங்ண்ணா. கேட்டா அம்மா வருவான்னு சொல்லிக்குங்க. எனக்கும் ஆச்சுன்னா அவளை நீங்க வளத்திக்குங்க." சற்று நிறுத்தி, "பாகற்காய் மட்டும் திங்கமாட்டா, கட்டாயப்படுத்தாதீங்க," என்றாள்.

சென்னியப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். போகும்போது, "இன்னொருக்கா முதுகுல குத்தறேன்னு வந்தா உடாத. சாகற உசிரைப் போட்டு எதுக்கு வதைக்கோணும்," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான்.

பண்ணையில் ஒரு முறை உண்டு. சீக்குக் கோழியைத் தொட்டவர் நல்ல கோழி இருக்கும் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆராயி அந்த முறைப்படிதான் செய்தாள். உள்ளே போய்ப் புருசன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தொட்டாகிவிட்டது, இனி என்ன என்று காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள். அவன் திரும்பவும் வாந்தியெடுத்தபோது முந்தானையாலேயே துடைத்தாள். இந்நேரம் அண்ணன் ராசிபுரம் தாண்டியிருப்பான், இந்நேரம் கொட்டகைக் கதவைத் திறந்திருப்பான் என்று மனசு போய்க்கொண்டே இருந்தது. கதவு திறந்தால் தீவனம் வருகிறதென்று எல்லாக் கோழியும் ஓடிவருமே.

பொழுது இறங்கும் நேரத்தில் டாக்டர் வந்தார். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில இன்னொரு தடவை தண்ணி எடுக்கணும்மா," என்றார்.

"வேண்டாமுங்க. வெள்ளைக்குத்தான் வைத்தியம் இல்லையே. இருக்கற வரைக்கும் நோகாம இருக்கட்டுமுங்க."

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "எந்த வெள்ளைக்கு?"

"தண்ணியில ஏறியிருக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமா."

"அணும்மா. வெள்ளை அணு. ரத்தத்துல இருக்கிறது. உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அது இல்லைன்னா நாம ஒரு வாரம் உயிரோட இருக்க முடியாது."

ஆராயி எழுந்து நின்றாள். "அது சீக்கில்லைங்களா?"

"சீக்கை அடிக்க வர்ற படைம்மா. கிருமி உள்ளே நுழைஞ்சதும் அங்கே காவலுக்கு இருக்கிற அணு ஒண்ணு ரெண்டு அதைக் கண்டுபிடிக்கும். தனியா எதிர்க்க முடியாது. சேதி அனுப்பும். வாய்ச்சத்தம் இல்லை, ஒரு மாதிரி ரசம்னு வெச்சுக்கோ. ரத்தத்துல ஓடிக்கிட்டிருக்கிற வெள்ளை அணுவெல்லாம் அந்தச் சேதியைப் பிடிச்சுக்கிட்டு, குழாய்ச் சுவரைத் தாண்டி அந்த இடத்துக்கு வந்து சேரும்."

"பருந்து வட்டம் போட்டா ஒரு கோழி குரல் குடுக்குமுங்க, எல்லாத்துக்கும் தெரிஞ்சுரும். அதாட்டங்களா?"

"அதேதான். ஆனா கோழி பதுங்கும். இது பாய்ஞ்சு வரும்."

"அப்பறம் பொடனி ஏனுங்க கட்டையாயிருச்சு?"

"சண்டை நடக்கிற இடத்துல சாமான் சேதாரமாகாம இருக்குமா? காய்ச்சல், வலி, வாந்தி இதுல பாதி கிருமி பண்றது, மீதி சண்டை பண்றது."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. "ஐயோ எங்கண்ணன்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி ஆபீசில் டெலிபோன் இருந்தது. ஊரில் முட்டைக் கடையில் ஒன்று இருந்தது. ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்த நேரத்தில் அவள் கும்பிடாத சாமியில்லை. ஒருவழியாக லைன் கிடைத்தது. எடுத்தது கருப்பண்ணன். கோழி செத்தபிறகு வேலையற்று முட்டைக் கடையிலேயே உட்கார்ந்துகொண்டிருந்த மனிதர்.

"ஆரு, ஆராயியா? மாப்ளைக்கு எப்படியிருக்குது சாமி?"

"கோழியக் கொல்ல வேண்டாமுங்க மாமா. எங்கண்ணன்கிட்டச் சொல்லுங்க. ஓடிப்போயிச் சொல்லுங்க. சீக்கு இல்லீங்க, எதுவுமில்லீங்க."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மாமா? கேக்குதுங்களா?"

"கேக்குது அம்மணி. நான் இப்பத்தான் அங்கிருந்து வாரேன். மண்ணு மூடி முள்ளுப் போட்டாச்சு. நானுந்தான் மண்ணுத் தள்ளுனேன்."

ஆராயி ரிசீவரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஆபீஸ்காரர்தான் வாங்கி வைத்தார்.

திரும்பி வந்தபோது டாக்டர் போகாமல் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு எதுக்குங்க மறுபடியும் எடுக்கோணும்? முழுசாச் சொல்லுங்க. பாதிப் பேச்சுக் கேட்டுத்தான் நான் கெட்டேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படையில ரெண்டு வகை. முதல்ல ஓடி வர்றது ஒரு வகை. பாக்டீரியாங்கிற கிருமின்னா கடைசிவரைக்கும் அதுதான் குவிஞ்சுகிட்டே இருக்கும். அது பொல்லாதது, ஆளைக் கொல்லும். வைரஸ்னு இன்னொரு கிருமி. அதுன்னா முதல்ல வந்தது விலகி, ரெண்டாவது வகை வந்து நிக்கும். சின்னச் சின்ன உருண்டையா இருக்கும். இன்னைக்கு ரெண்டும் கலந்து கிடக்கு. பிரிச்சுச் சொல்ல என்னால முடியலை. நாளைக்கு எது அதிகமா இருக்குன்னு பார்த்தா தெரியும்."

"மொதல்ல வந்ததே எச்சாயிருந்தா?"

"அதுக்கான ஊசி இப்பவே போட்டுட்டுத்தான் இருக்கோம். ஆனா கஷ்டம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"உருண்டை எச்சாயிருந்தா?"

"அதுக்கு மருந்து இல்லை."

ஆராயிக்கு முகம் செத்துவிட்டது. மருந்தில்லாத சீக்கு என்றால் அவளுக்குத் தெரிந்து குழி ஒன்றுதான் மருந்து. டாக்டருக்கு இப்போது இவளைப் புரிந்திருந்தது. அவசரமாகச் சொன்னார்: "இதுல மருந்து இல்லைங்கிறதுதான் நல்ல சேதி. மருந்தே வேண்டாம். அந்தப் படையே அடிச்சுத் துரத்திரும். தானா இறங்கும்."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னார்.

"காலு இழுக்காதுங்களே?"

"இழுக்காது."

"எடுங்க," என்றாள்.

காலையில் ராசப்பனை ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை நெஞ்சோடு மடக்கினார்கள். அசையக் கூடாது. பிடிக்க வந்த ஆளை ராசப்பன் உதறித் தள்ளினான். ஆராயி கட்டிலின் அந்தப் பக்கம் மண்டியிட்டு, ஒரு கையைப் பொடனியிலும் இன்னொரு கையை முழங்கால் மடிப்பிலும் கொடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவன் மூச்சு அவள் முகத்தில் சுட்டது. "நான்தானுங்க மாமா. நான்தான் புடிச்சிருக்கறேன். அசையாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் பல் கிட்டிக்கொண்டு கிடந்தான். ஊசி வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குழாயில் விழுந்தது. கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. அதற்குள் போய் ஒரு சண்டை நடக்கிறது என்று யார் நம்புவார்கள்?

டாக்டர் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆராயி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். காளியாத்தாள் டீ கொண்டுவந்தாள், ஆறிப்போனது. கதவு திறந்தது. சிரிக்காத அந்த மனிதர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"உருண்டைங்கதான்மா. எங்கே பார்த்தாலும் உருண்டைங்க. வைரஸ்தான்."

"முழுசாச் சொல்லுங்க."

"உன் வீட்டுக்காரர் பிழைச்சிட்டார். நாலஞ்சு நாள்ல எழுந்து உட்காருவார். ஆமா, வீட்டுல யாருக்காவது கொஞ்ச நாளைக்கு முந்தி பொன்னுக்குவீங்கி வந்துச்சா?"

"பாப்பாவுக்கு வந்துச்சுங்க. தாடை வீங்குச்சு. என் சங்கிலியக் கழட்டி அவ கழுத்துல போட்டு உட்டேன், வடிஞ்சுருச்சு."

"அதுவாத்தான் இருக்கும். அது அப்பாவுக்குத் தொத்தியிருக்கு. கோழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

எந்தப் பிள்ளையைக் காப்பாற்றக் கோழியைக் கொன்றாளோ அந்தப் பிள்ளையிடமிருந்தே வந்திருக்கிறது. ஆராயிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உச்சி வெயிலில் சென்னியப்பன் வந்தான். இரண்டு கையும் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்தது. பிணம் எடுக்கும் முகத்தோடு வந்தவனிடம் ஆராயி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் புங்கமரத்தில் சாய்ந்து அப்படியே குந்திவிட்டான்.

"அணுவா?" என்றான்.

"அணுங்ண்ணா."

"ரண்டெழுத்து. ஏன் புள்ளை, அந்த ரண்டெழுத்தையும் சேத்திக் கேட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? கதவைத் தொறந்ததும் காலைச் சுத்திக்கிச்சுங்க. ஒண்ணுகூடப் பயப்படலை." மாப்பிள்ளை பிழைத்ததற்கு மகிழ வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேலும் இரண்டு நாள் கழித்து ராசப்பனுக்குத் தலைவலி தணிந்து பேச்சுத் தெளிந்தது. கண்ணை மூடியபடியே கேட்டான். "கொட்டாய்க்குத் தண்ணி ஆரு காட்டறது?"

சென்னியப்பன் கதவோரம் நின்றிருந்தான். டாக்டர் நல்லா குணமாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆராயிக்குப் பாதிப் பேச்சுப் பேச இனி வாய் வராது.

"கோழி இல்லீங்க மாமா. நாந்தான் கொல்லச் சொன்னேன்," என்று ஆரம்பித்து, காளியாத்தாள் சொன்னதிலிருந்து டெலிபோன் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"எல்லாமா?"

"எல்லாமுங்க."

"அட நாசமாப் போறவளே." அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆராயி துடைக்கக் கையைக் கொண்டுபோனாள், தட்டிவிட்டான்.

பிறகு அவனே, சுவரைப் பார்த்தபடி கேட்டான். "எனக்கு வெள்ளைன்னு நெசமாவே நம்புனியா?"

"நம்புனனுங்க."

"தொட்டா ஒட்டிக்கும்னும் நம்புனியா?"

"ஆமாங்க."

"அப்ப நீ ஏன் ஊட்டுக்குப் போகலை?"

ஆராயி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சென்னியப்பன்தான் சொன்னான். "என்னையக் கிட்டவே வர உடலை மாப்ளை. அவீங்க வாந்தியத் தொட்டாச்சு, நான் இனி வரமாட்டேன், பூங்கொடிய நீங்களே வளத்திக்குங்கன்னு சொல்லிப்போட்டு உள்ள வந்து உக்காந்துட்டா."

ராசப்பன் திரும்பினான். கண்ணைத் திறந்து, கூசுகிற வெளிச்சத்தில் சுருக்கிச் சுருக்கி அவளைப் பார்த்தான். கை போர்வையைத் தடவி அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் வலுவே இல்லை.

"கோழி போனா குஞ்சு எறக்கிக்கலாம் புள்ளை," என்றான். "உன் உசிரு போயிருந்தா நான் ஆரைக் கொண்டாந்து எறக்கறது?"

அதுவரை வராத அழுகை ஆராயிக்கு அப்போதுதான் வந்தது. முந்தானையை வாயில் அடைத்தும் அடங்கவில்லை, காளியாத்தாள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.